சீசனுக்குப் போன சித்தப்பா

நம் வயதுக்காரர்களே, ஏதாவது ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் உடம்பு தானாக எழுந்து நிற்பது உங்களுக்கும் உண்டா? எனக்குப் போன வாரம் நடந்தது. சென்னையில் மகன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து மருமகள், "சீசன் வந்துருச்சு" என்று கத்தினாள். கீரைத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "மெயின் அருவியிலயா, ஐந்தருவியிலயா? யாரு போன் பண்ணுனா?" என்று கேட்டேன். மகனும் மருமகளும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். செல்போனில் அவர்கள் பார்க்கிற ஏதோ தொடரின் இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாம். இப்போதெல்லாம் அதற்கும் சீசன் என்றுதான் பெயராம்.

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் நெஞ்சு படபடப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆனது.

ஊர் உலகத்தில் எதற்கெல்லாமோ சீசன் உண்டு. மாம்பழத்துக்கு, கல்யாணத்துக்கு, கண்வலிக்குக்கூட உண்டு. தென்காசியில் பிறந்த எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. மேற்கே மலை கறுக்கும். ஆனிக் காற்று வாசல் கதவைப் பிடித்து ஆட்டும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பொடிப்பொடியாக நீர் தெறிக்கும். உடனே கடைத்தெருவில் ஒருவரையொருவர், "சீசன் எப்படி இருக்கு?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். குற்றாலத்தில் தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்று அதற்கு அர்த்தம். "சீசன் டல்லு" என்றால் பாறை வெளியே தெரிகிறது. "சீசன் பிச்சிக்கிட்டுப் போகுது" என்றால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றிக்கொண்டிருக்கிறார். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கடிதம் போட்டால் முதல் வரியில் நலம் கேட்பார்கள், இரண்டாவது வரியில் சீசன் கேட்பார்கள். பத்து வயது வரைக்கும் நான் அதைத் தமிழ் வார்த்தை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பத்தாவது வயதில் வந்த சீசனைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அச்சன்புதூர்ப் பக்கம் வயல் இருந்தது. திருவிழா என்றால் அப்பாவுக்கு முதல் மாலை. அப்பா வெளியே கிளம்பினால் கஞ்சி போட்ட வேட்டி, தோளில் மடித்த நேரியல், கையில் பிடி வளைந்த கறுப்புக் குடை எல்லாம் கூடவே கிளம்பும். அந்தக் குடைக்குப் பின்னால் நடப்பதே எனக்கு ஒரு பெருமை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். பி.ஏ.வில் எல்லாப் பாடமும் தேறி இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை விழுந்தவர். அந்த ஒரு பாடத்தை எழுதி முடிப்பதற்காகக் கடைத்தெரு மாடியில் இருந்த டுடோரியலுக்கு அவரை அப்பா அனுப்பிக்கொண்டிருந்தார். வீரகேரளம்புதூரில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பி.ஏ. தேறியதும் தாம்பூலம் என்று பேச்சு.

சித்தப்பா காலையில் நோட்டும் கையுமாகப் போவார், பொழுது சாய வருவார். வரும்போது தலை நனைந்திருக்கும். சவுக்காரம் மணக்கும். ஒருநாள் கொடியில் கிடந்த அவருடைய சட்டைப் பையில் ஒரு அட்டை துருத்திக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். முத்திரை குத்தி, மையால் என்னவோ எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் சித்தப்பா வந்து பிடுங்கிக்கொண்டார். அது என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சீசன் டிக்கெட்டு" என்றார். "இந்த டிக்கெட்டு விஷயத்த ஆருட்டயும் சொல்லிராத, என்ன?" என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குற்றாலத்துக்கு டிக்கெட்! தினமும் போகலாம், எந்த அருவியில் வேண்டுமானாலும் குளிக்கலாம். அதனால்தான் நனைந்த தலை. மூன்று மைல் தள்ளி இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அம்மாவோடு போய்வருகிற எனக்கு, பொறாமையில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் இங்கிலீஷ் டீச்சர் வகுப்பில் அந்த வார்த்தையைப் பலகையில் எழுதினார். டீச்சர் பாளையங்கோட்டையிலிருந்து புதிதாக வந்தவர். எங்கள் தெருக்கோடியில் வீடு எடுத்திருந்தார். சீசன் என்றால் பருவகாலம், அது நான்கு, வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று விரல் மடக்கினார். வகுப்பு முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் எழுந்து, அருவியில் தண்ணி விழுந்தால்தான் சீசன் என்று சொன்னேன். அதுவும் ஒன்றுதான், நாலு இல்லை என்றேன். டீச்சர், சரி, அந்த வார்த்தையை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதுங்கள் என்றார்.

நான் எழுதியது இதுதான்: "மை அங்கிள் கோஸ் டு சீசன் டெய்லி."

சத்தியத்தை மீறவில்லை, கவனியுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று சித்தப்பா சொன்னது டிக்கெட்டை. சீசனை அல்ல. அந்த வயதில் எனக்கு வக்கீல் மூளை.

டீச்சர் சிவப்பு மையால் சுழித்து, "சீசனுக்கு நாம போக முடியாதும்மா. அதுதான் நம்மகிட்ட வரும்" என்று சொல்லிக் கொடுத்தார். ஆனாலும் வாக்கியம் அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. சாயங்காலம் கறிவேப்பிலை கேட்டு வந்தவர், உங்கள் கொழுந்தனார் கொடுத்து வைத்தவர், தினமும் குற்றாலம் போகிறாராமே என்று அம்மாவிடம் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா உள்ளே ஊஞ்சலில் இருந்தார். சங்கிலிச் சத்தம் சட்டென்று நின்றது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. சித்தப்பா நோட்டோடு கிளம்பிப் போன பிறகு அப்பா டுடோரியலுக்குப் போய் விசாரித்தார். சித்தப்பா அந்தப் பக்கமே வராமல் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்து அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பா சத்தம் போடவில்லை. "ஏட்டி, கிளம்பு" என்றார் என்னிடம். "அவன அங்கனயே வச்சுப் பிடிக்கணும். நீதான சொன்ன, நீயே வந்து காட்டு."

எனக்குப் பயம் ஒரு பக்கம். ஆனால் குற்றாலத்துக்குப் போகிறோமே! உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் இருந்தது.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஈரத்துண்டும் எண்ணெய் வாடையும் நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாடையும் ஒன்றாகக் கலந்து வந்தன. அப்பா சீசனில் அந்தப் பக்கம் போய்ப் பல வருஷம். வெளியூர்க்காரர்கள் கூட்டத்தில் இடிபட்டுக் குளிப்பது நமக்கு எதற்கு என்பார். மலை கிட்டே வர வர வெள்ளைக் கோடாக அருவி தெரிந்தது. அப்புறம் அந்த இரைச்சல். இறங்கி நடக்கும்போதே சாரல் என் இமையில் உட்கார்ந்தது. மங்குஸ்தான் பழக்காரி ஒருத்தியிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்பா குடையை விரித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போனார்.

நனைந்தால் மனுஷர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள். கண்ணை மூடி, வாயைத் திறந்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டி நின்ற அத்தனை பேரும் சித்தப்பா மாதிரியே இருந்தார்கள். அப்பா அருவிக்கரையில் நின்று, "ஏலே" என்று ஓங்கிக் கூப்பிட்டார். பத்துப் பேர் திரும்பினார்கள். இன்னும் ஓரடி முன்னால் போனார். பின்னால் ஒரு கூட்டம் "ஓ" என்று ஓடி வந்தது. அப்பா, குடை, நேரியல் எல்லாம் அந்த ஓட்டத்தில் அருவிக்குள் போய்விட்டன.

நான் அலறினேன். பழக்காரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா வெளியே வந்தார். கையில் குடையின் கம்பி மட்டும் இருந்தது. துணி போன இடம் தெரியவில்லை. கஞ்சி போட்ட வேட்டி காலோடு ஒட்டிக்கிடந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். எங்கள் அப்பாவின் பல்வரிசையை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"உள்ள நல்லாத் தெரியல. இன்னொரு தரம் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனார். போய் நெடுநேரம் நின்றார். மூன்றாவது தடவை சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டே போனார். பிறகு ஐந்தருவிக்குப் போனோம். அங்கே ஆண்கள் குளிக்கிற பக்கம் விழுந்த அருவிக் கிளை ஒன்றையும் விடாமல் அப்பா தம்பியைத் தேடினார். ஒவ்வொன்றிலும் நன்றாக முதுகைக் கொடுத்துத் தேடினார். எனக்கும் பெண்கள் பக்கம் போய் நனைந்துவர அனுமதி கிடைத்தது. தலையில் தண்ணீர் குத்தும்போது என்னை அறியாமல் ஏதோ பாட்டைக் கத்திக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சித்தப்பா எங்கேயும் இல்லை.

ஈரத்தோடு நின்று சூடாகப் பஜ்ஜி தின்றோம். அப்பா கொஞ்சம் இளகியிருந்தார். அவன் வேறு எங்கே போயிருப்பான் என்று என்னிடமும் கேட்பது மாதிரிச் சொன்னார். அந்த நேரத்தில் எனக்குச் சத்தியத்தைவிட அப்பா பெரிதாகத் தெரிந்தார்.

"சித்தப்பாகிட்ட சீசன் டிக்கெட்டு இருக்குப்பா" என்றேன். "கட்டாயம் இங்கனதான் வந்திருப்பாவ."

பஜ்ஜி பாதி வாயில் நின்றது. "என்ன டிக்கெட்டு?"

"சீசன் டிக்கெட்டு. அட்டை. முத்திரை குத்திருந்திச்சு."

அப்பா மெதுவாக, "ஏ கிறுக்கி, குத்தாலத்துக்கு ஏது ரயிலு?" என்றார்.

மாதம் முழுக்க ரயிலில் போய்வருவதற்கு எடுக்கிற டிக்கெட்டுக்கும் அதே பெயர் என்பது அந்தப் பஜ்ஜிக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது. சித்தப்பா பொய் சொல்லவே இல்லை. நான்தான் வேறு சீசனைப் புரிந்துகொண்டேன். அட்டையில் எந்த ஊர் போட்டிருந்தது என்று அப்பா கேட்டார். முதல் எழுத்து இங்கிலீஷ் எஸ், பாம்பு மாதிரி வளைந்திருந்தது என்றேன். "செங்கோட்டை" என்று சொல்லி அப்பா எழுந்துவிட்டார்.

செங்கோட்டைக்கு அடுத்த பஸ். சித்தப்பா அங்கே யாரைப் பார்க்கப் போகிறார், என்ன செய்கிறார் என்று வழியெல்லாம் என் மனசு ஆயிரம் கதை கட்டியது. ஸ்டேஷனுக்கு வெளியே சோடாக் கடையில் அப்பா அடையாளம் சொல்லி விசாரித்தார். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "நம்ம பிரேக்குத் தம்பியா? லாரிப் பட்டறையில இருப்பான். நேரா போங்க அண்ணாச்சி" என்றார்.

பட்டறை என்பது ஒரு புளியமரமும் தகரக் கொட்டகையும்தான். கேரளாவுக்கு மலையேறுகிற லாரிகள் அங்கே நின்று பிரேக்கைப் பார்த்துக்கொண்டு போகும். ஒரு லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடது பாதத்தில் அரிவாள் பட்ட தழும்பு. சின்ன வயதில் வயலில் பட்டதாம். அப்பாதான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். அந்தக் காலைப் பார்த்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலே."

அருவியில் கூப்பிட்ட மாதிரி இல்லை, வெறும் காற்றாகத்தான் வந்தது. ஆனால் கால்கள் உடனே உள்ளே இழுத்துக்கொண்டன. கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா தவழ்ந்து வெளியே வந்தார். முகம், கழுத்து, கை எல்லாம் கறுப்பு மசகு. கண் மட்டும் வெள்ளை. அண்ணன் சொட்டச் சொட்ட நனைந்து, குடைக்கம்பியோடு நிற்பதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அண்ணே, சீசனுக்குப் போயிருந்தீயளா?"

"ஒன்னையத் தேடித்தாம்லே போனேன்."

பட்டறைக்காரர் ஓடி வந்தார். சித்தப்பா யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் கைகட்டி நின்றுவிட்டார். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஆறு மாதம் வேலை பழகியவனுக்கு வராத கை இந்தத் தம்பிக்கு ஒரு மாதத்தில் வந்துவிட்டது, மலையாளத்து டிரைவர்கள் இவரைத்தான் கேட்டு வருகிறார்கள் என்றார். அப்பா காதில் வாங்கினாரா தெரியவில்லை. நம் வீட்டில் எவனும் இன்னொருவன் பட்டறையில் போய்க் கைகட்டி நின்றதில்லை என்று அவர் எத்தனையோ தடவை சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சித்தப்பாவும் அதற்குத்தான் தலை குனிந்து நின்றார்.

"எனக்கு இங்கிலீஷ் வராதுண்ணே" என்றார் கடைசியில். "எத்தன தரம் எழுதுனாலும் வராது. இது வருது."

அதற்குள் லாரி டிரைவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வா தம்பி, இருட்டுமுன் போய்வரலாம் என்று சித்தப்பாவைக் கூப்பிட்டார். எங்கே என்று அப்பா கேட்டார். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பிரேக் பார்த்தவன் முதல் இறக்கத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். புளியரை தாண்டி மலையில் பாதி ஏறி, எஸ் மாதிரி வளைகிற அந்த வளைவில் இறங்கி வந்து காட்ட வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் இரண்டு பேருக்கும் ஒரே கதி.

அப்பா லாரியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். சித்தப்பா ஏறப் போனார்.

"நில்லு" என்றார் அப்பா. "நானும் வாரேன்."

அப்பா என்னை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். பட்டறைக்காரர்கூட, பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றார். அப்பா என்னைத் தூக்கி உள்ளே வைத்தார். தம்பி வேலையைச் சோதிக்கத்தான் ஏறினார் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன். எனக்கும் ஒரு தம்பி இருந்து, அவனும் போன பிறகுதான் வேறு விதமாகத் தோன்றுகிறது. சித்தப்பாவைத் தனியாக அந்த இறக்கத்துக்கு அனுப்ப அப்பாவுக்கு மனசு வரவில்லை. என்னையும் ஏற்றியது எதற்கு என்பது மட்டும் இன்றைக்கு வரை தெரியாது. நம்பிக்கைதான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

லாரியில் ஏறியிருக்கிறீர்களா? உயரத்திலிருந்து பார்த்தால் ரோடு நம்முடையதாக ஆகிவிடும். இஞ்சின் சூடு பாதத்தில் ஏறியது. ஈரப் பாவாடையிலிருந்து ஆவி வந்தது. மரங்கள் மேலேமேலே வந்து கதவை உரசின. மேலே போய் வண்டியைத் திருப்பினார்கள். இறங்கத் தொடங்கியதும் என் பக்கத்து ஜன்னலில் ரோடே இல்லை, வெறும் பள்ளமும் மேகமும்தான். "பேடிக்கண்டா மோளே, நம்ம தம்பி பார்த்த பிரேக்காக்கும்" என்றார் டிரைவர். பயப்படாதே மகளே என்பதை அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. வண்டி வேகம் பிடித்தது. சித்தப்பாவின் உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு கையால் என்னையும், மறு கையால் சித்தப்பாவின் மசகுபட்ட தோளையும் பிடித்துக்கொண்டார்.

வளைவு வந்தது. டிரைவர் மிதித்தார்.

நின்றது. சும்மா இல்லை, ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்தினால் எப்படி நிற்குமோ அப்படி நின்றது. இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் "இன்னொரு தரம்" என்று கத்தினேன். மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீரகேரளம்புதூர்க்காரர்களுக்கு அப்பா உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டார். அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஒரு திருவிழாவில் அப்பாவுக்கு மாலை கொஞ்சம் தாமதமாக வந்தது. சித்தப்பா அந்த இங்கிலீஷ் பரீட்சையை எழுதவே இல்லை. ஆலங்குளம் ரோட்டில் சொந்தமாகப் பட்டறை போட்டார். ஆலங்குளத்திலிருந்தே சித்தி வந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில், லாரியில் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போவாரா என்று கேட்டுவிட்டாளாம். டீச்சரிடம் நான் கடைசி வரை தோற்கவில்லை. அவரே அடுத்த வருஷம், "சீசன் வந்துட்டா பிள்ளேளா?" என்று கேட்டுக்கொண்டு வகுப்புக்குள் வந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய சாயங்காலத்தை. சித்தப்பாவோடு ரயிலில் திரும்பினோம். அவருக்கு டிக்கெட் இருந்தது, எங்களுக்கு அப்பா எடுத்தார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கடைக்காரர்கள் எழுந்து எழுந்து பார்த்தார்கள். அப்பா கசங்கிய ஈர வேட்டியோடு முன்னால் நடந்தார். சித்தப்பாவைப் பட்டறைக் குழாயில் கழுவவிடாமல் கூட்டி வந்திருந்தார். மசகுக் கறுப்போடு அவர் பின்னால் வந்தார். வழியில் யாராவது விசாரித்தால் அப்பா நின்று வணக்கம் சொன்னார், தம்பியை மறைக்கவில்லை.

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நடந்தது, யார் யாரை அடித்தது என்று அவளுக்குள் ஓடியது முகத்திலேயே தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன் அப்பா சொன்னார்:

"வெந்நி போடு. தம்பி வேலைக்குப் போயிட்டு வந்திருக்கான்."

எங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அம்மா அடுப்பைப் பற்றவைக்க உள்ளே ஓடினாள். சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.